ஜெர்மனி துணை நிறுவனத்துக்கு இடைக்கால மேலாளர்: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோவையில் வார்ப்பட உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நிதிப் பிரிவில் இருக்கிறேன். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் எங்களுக்கு ஒரு துணை நிறுவனம், ஜிஎம்பிஹெச் (நம்மூர் பிரைவேட் லிமிடெட் மாதிரி). அங்கே மெஷினிங் மட்டும். ஆர்டருக்குக் குறையில்லை. டெலிவரி தள்ளிப்போவதால் அவசரமாக விமானத்தில் அனுப்புகிற செலவு முழுக்க எங்கள் மேல் விழுகிறது, கையிலுள்ள பணம் கரைகிறது. அங்கிருந்த நிர்வாக இயக்குநரும் விலகப்போகிறார்.

இங்கிருந்து ஒருவரை அனுப்பலாம் என்கிறார் எம்.டி. எனக்கு அது சரியாகப் படவில்லை. தொழிலாளர் குழுவோடு ஜெர்மன் மொழியில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். தவிர, பணம் கட்ட முடியாத நிலை வந்துவிட்டால் அந்நாட்டுச் சட்டப்படி அதிகபட்சம் 3 வாரத்துக்குள் திவால் மனு போட வேண்டும். தவறினால் நிர்வாக இயக்குநரே தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல வேண்டிவரும். அடுத்த 13 வாரத்துக்கான பண வரவு-செலவு முன்கணிப்பை வாராவாரம் போட்டுக் காட்டத் தெரிந்த உள்ளூர் இடைக்கால மேலாளர்தான் இதற்குச் சரி என்று உறுதியாக நம்புகிறேன்.

இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள்: அவரையே நிர்வாக இயக்குநராக வணிகப் பதிவேட்டில் ஏற்றினீர்களா, இல்லை இங்குள்ளவரை அந்தப் பொறுப்பில் வைத்து இடைக்கால மேலாளருக்கு ப்ரோகுரா (கம்பெனி சார்பில் கையெழுத்திடும் பதிவு பெற்ற அதிகாரம்) மட்டும் கொடுத்தீர்களா? பேங்க் கையெழுத்து யாரிடம் இருந்தது? நாள் கணக்குக் கட்டணத்தோடு போனஸும் பேசினீர்களா? நிரந்தர ஆள் வந்தபின் ஒப்படைக்க எத்தனை வாரம் ஒதுக்கினீர்கள்?

அங்குள்ள மெஷினிஸ்டுகள் கைதேர்ந்தவர்கள். அவர்களை இழக்க மனசே இல்லை. திங்கட்கிழமை போர்டு மீட்டிங். அதற்குள் யாராவது பேசினால் பேருதவி. இன்பாக்ஸில் வந்தாலும் சரி.