‘-10’ என்று போட்டிருந்த ஸ்லீப்பிங் பேக்: என் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

ராயபுரத்துக்காரன்:

போன டிசம்பரில் கேதார்கந்தா போய்வந்தேன். உத்தராகண்டில் சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏற வேண்டும், உச்சி 12,500 அடி. முதல் நாள் டென்ட் ஜூடா கா தாலாப் என்ற குளத்தருகே, 9,000 அடிக்கு மேல். மலையைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது அந்த ஒரு ராத்திரி மட்டும்.

ஸ்லீப்பிங் பேக்கை இங்கேயே வாங்கிப் போயிருந்தேன். உறையில் பெரிய எழுத்தில் ‘-10’ என்று இருந்தது. வீட்டில் உள்ளே நுழைந்து படுத்துப் பார்த்தேன், ஐந்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டியது. நல்ல பைதான் என்று நம்பிவிட்டேன். மார்கழியிலும் ராத்திரி 20 டிகிரியை ஒட்டியே இருக்கும் ஊரில் எந்தப் பையில் படுத்தாலும் வியர்க்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

அங்கே வழிகாட்டியின் தெர்மாமீட்டர் மைனஸ் 6 காட்டியது. பதினோரு மணிக்கு நடுக்கம் பிடித்தது. மார்பில் அவ்வளவாக இல்லை. முதுகு, இடுப்பு, குதிகால் என்று தரையில் படுகிற இடமெல்லாம் ஜில்லிட்டது. ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டேன், பலனில்லை. இரண்டு மணிக்கு வழிகாட்டி இன்னொரு ஃபோம் மேட்டைக் கொண்டுவந்து எனக்கு அடியில் விரித்தார். அதற்கப்புறம்தான் கொஞ்சம் கண்ணசந்தேன்.

விடிந்ததும் பையின் உள்பக்கம் தைத்திருந்த துணிச்சீட்டைப் படித்தேன். கம்ஃபர்ட் 9, லிமிட் 5, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 10. ஐஎஸ்ஓ 23537 என்ற தரமுறைப்படி போடுகிற எண்கள் இவை. கம்ஃபர்ட் என்றால் ஒரு சராசரிப் பெண் உடலைத் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்றால் ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் குளிர். எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குவதற்கான எண்ணே இல்லை, சில மணி நேரம் உயிர் பிழைப்பதற்கானது. உறையில் பெரிதாகப் போட்டிருந்தது இந்தக் கடைசி எண்ணைத்தான்! இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. மலைக்குப் புதிதாகப் போகிறவன் அந்த எண்ணை நம்பித்தானே வாங்குவான்?

ஊருக்கு வந்து காசிமேட்டில் மீன் ஏற்றுமதி வேலை பார்க்கும் மாமாவிடம் சொன்னேன். அவர் பையைப் பற்றிக் கேட்கவே இல்லை. “அடியில இன்னாடா போட்ட?” என்றார். “மீன் பொட்டில ஐஸை மேல மட்டும் கொட்னா நிக்குமா? அடியிலயும் கெட்டியா போடணும். தரை இழுத்துக்கும்டா.”

அதுதான் நடந்திருக்கிறது. பைக்குள் இருக்கும் பஞ்சோ இறகோ உப்பி நின்று காற்றைப் பிடித்து வைத்தால்தான் கதகதப்பு. நம் எடையில் அடிப்பக்கம் நசுங்கிவிடும், அங்கே காற்றுக்கு இடமே இல்லை. அதை ஈடுகட்ட வேண்டியது மேட். மேட்டின் தடுப்புத் திறனை ஆர்-வேல்யூ என்று போட்டிருப்பார்கள். சாதாரண ஃபோம் மேட் 2 வரும், பனித்தரைக்கு 4, 5 வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று விரித்தால் இரண்டு எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். பைக்குப் போட்ட பணத்தில் கால்வாசியை மேட்டுக்குப் போட்டிருந்தால் அன்று தூங்கியிருப்பேன்.

பெரம்பூர் அக்கா:

தம்பி, நான் ஜனவரியில் ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் படுத்தவள். காலையில் புல்லெல்லாம் உறைபனி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: பை தானாகச் சூடு தராது, நம் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். வெறும் வயிற்றோடு, சில்லிட்ட காலோடு உள்ளே போனால் எவ்வளவு விலையுள்ள பையும் உதவாது. நன்றாகச் சாப்பிட்டு, காய்ந்த சாக்ஸ் மாற்றி, மூடி இறுகிய பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் காலடியில் வைத்துக்கொள்வேன். முகத்தையும் உள்ளே இழுத்து மூடிக்கொள்ளாதீர்கள், மூச்சின் ஈரம் பைக்குள்ளேயே தங்கிவிடும். பெண்கள் லிமிட் எண்ணைப் பார்த்து வாங்கவே கூடாது. நான் போகிற இடத்துக் குளிரைவிட ஐந்து டிகிரி கூடுதலாகத் தாங்குகிற கம்ஃபர்ட் எண் பார்த்துத்தான் எடுப்பேன்.

வியாசர்பாடி:

இறகா, சிந்தெடிக்கா என்று யோசிப்பவர்களுக்கு என் கதை. என்னிடம் இரண்டும் இருந்தன. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து இரண்டும் நனைந்தன. சிந்தெடிக் பை மாடியில் இரண்டு நாள் வெயிலில் பழையபடி ஆகிவிட்டது. இறகுப் பை கட்டிகட்டியாகச் சேர்ந்துகொண்டது, பல நாள் கையால் உதிர்த்து உதிர்த்துக் காயவைத்தும் பாதிதான் உப்பியது. இறகுப் பை எடையும் குறைவு, சுருட்டினால் கையடக்கம், காய்ந்த குளிருக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் ஈரத்துக்கு ஆகாது.

அப்புறம், எந்தப் பையையும் சுருட்டி இறுக்கி அலமாரியில் போட்டு வைக்காதீர்கள். நம் பக்கம் கடல் காற்றில் ஈரம் அதிகம், பூஞ்சை பிடிக்கும், உப்பலும் போய்விடும். இலவம்பஞ்சுத் தலையணையை அம்மா வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பாரே, அந்தப் பக்குவம்தான் இதற்கும். பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு ஆணியில் மாட்டி வைக்கிறேன்.

ராயபுரத்துக்காரன்:

அக்கா, வெந்நீர் பாட்டில் யோசனைக்கு நன்றி. வியாசர்பாடி நண்பரே, என் பை மலையிலிருந்து திரும்பிய நாள் முதல் பரணில் இறுக்கிக் கட்டியபடியே கிடக்கிறது. இப்போதே இறக்கி அவிழ்க்கிறேன்.