புதிய வரலாற்றுப் பாடத்திட்டம்: 41 தலைப்பு, 180 பீரியட். எதை விடுவது?

கரும்பலகை:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த கல்வியாண்டிலிருந்து எங்கள் பள்ளியில் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கான வரலாற்றுப் பாடத்தைப் புதிதாக அமைக்கப் போகிறோம். மூன்று ஆண்டுத் திட்டம். பொறுப்பு என்னிடமும் இன்னொரு ஆசிரியையிடமும் வந்திருக்கிறது. வாரம் இரண்டு பீரியட், தேர்வும் விடுமுறையும் போக ஆண்டுக்கு 60 கிடைத்தாலே பெரிது. மெசபடோமியாவில் தொடங்கி பனிப்போர் வரை நாங்கள் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் 41 தலைப்புகள். கணக்குப் போட்டால் ஒரு தலைப்புக்கு நான்கு பீரியட்தான் வருகிறது.

நான்கு பீரியடில் பிரெஞ்சுப் புரட்சியை நடத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், இத்தனை வருடமும் அதைத்தான் செய்திருக்கிறேன். 1789 என்று கேட்டால், பாரிஸில் மக்கள் கூட்டம் தாக்கிப் பிடித்த சிறைக்கோட்டையான பாஸ்டில் என்று பதில் வரும். அதற்கு முந்தைய ஆண்டு விளைச்சல் பொய்த்ததற்கும் ரொட்டி விலைக்கும் அந்தக் கூட்டத்தின் கோபத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். இந்த முறையும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

எதை வைத்துக்கொண்டு தலைப்புகளைக் குறைப்பது? கால வரிசையில் போவதா, "போர்", "வணிகம்", "மருத்துவம்" என்று கருப்பொருள் வாரியாகப் போவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

காலக்கோடு:
முதலில் அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு தலைப்பையும் ஒரு கேள்வியாக எழுதிப் பாருங்கள். "முதல் உலகப் போர்" என்று இருந்தால் அதில் எதையும் சேர்க்கலாம், எதையும் விட முடியாது. "1914 ஜூன் 28ல் சாரயேவோவில் நடந்த ஆஸ்திரிய இளவரசரின் கொலை, அடுத்த ஐந்தாறு வாரத்துக்குள் ஐரோப்பாவின் பெரிய நாடுகளில் பெரும்பாலானவற்றைப் போருக்கு இழுத்தது எப்படி?" என்று எழுதிவிட்டால் என்ன தேவை, என்ன தேவையில்லை என்று அந்தக் கேள்வியே சொல்லிவிடும். கூட்டணிகள் வேண்டும், படை திரட்டும் கால அட்டவணைகள் வேண்டும். பதுங்குகுழி வாழ்க்கையை நடத்த ஆசையிருந்தாலும் அதற்கு வேறு கேள்வி, வேறு இடம். நல்ல கேள்வி எழுத முடியாத தலைப்பைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள், எங்கள் பள்ளியில் பட்டியல் பாதியானது இப்படித்தான்.

இன்னொன்று, எல்லாக் கேள்வியும் "ஏன் நடந்தது" என்றே இருந்தால் பிள்ளைகள் காரணப் பட்டியல் எழுதுவதில் மட்டும் தேர்ந்துவிடுவார்கள். எது மாறியது, எது மாறாமல் நின்றது, இதை எந்தச் சான்றை வைத்துச் சொல்கிறோம், ஒரே நிகழ்வை இருவர் ஏன் வேறு வேறாக எழுதுகிறார்கள் என்றும் மாற்றி மாற்றி வர வேண்டும். அப்புறம், கடைசி பீரியடில் பிள்ளை என்ன எழுதப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

நிலா_டீச்சர்:
கேள்வி விஷயத்தில் முழு உடன்பாடு. ஆனால் கருப்பொருள் வாரியாகப் போவதை இந்த வயதுக்கு நான் வேண்டாம் என்பேன். ஒரு வருடம் செய்து பார்த்தேன். கொள்ளைநோய் பற்றிய பாடத்தில் ஒரு மாணவி, "ஊர் ஊராக நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்திருக்கலாமே டீச்சர்?" என்று கேட்டாள். கருப்புச் சாவு ஐரோப்பாவுக்குள் வந்தது 1347ல், கூடன்பர்க்கின் அச்சு இயந்திரம் அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து. தவறு அவளுடையதில்லை, முன்பின் வரிசையை நாங்கள் கொடுக்கவே இல்லை.

கால வரிசை முதுகெலும்பாக இருக்கட்டும். சுவரில் ஒரு நீளமான காலக்கோடு, ஒவ்வொரு புதுப் பாடத்தின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் அதன் முன்னால். அப்படிப் போகும்போது ஒரே காலத்தில் வேறு இடங்களில் நடந்ததையும் சேர்க்க முடியும். பிரெஞ்சுப் புரட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1789 ஆகஸ்டில் மனித உரிமைப் பிரகடனம். 1791ல் பிரான்சின் சர்க்கரைக் குடியேற்றமான செயின்ட் டொமிங்குவில் அடிமைகள் கிளர்ந்தெழுகிறார்கள், 1794ல் பாரிஸ் அடிமை முறையை ஒழிக்கிறது, 1802ல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவருகிறார், 1804ல் அதே குடியேற்றம் ஹைட்டி என்ற பெயரில் சுதந்திர நாடாகிறது. "அந்தப் பிரகடனம் யாருக்காக எழுதப்பட்டது?" என்று கேட்டு இரண்டு இடத்தையும் ஒரே அலகாக, பத்து பீரியடுக்கு நடத்துங்கள். பாரிஸை மட்டும் தனியாக நடத்தியதைவிட அப்போதுதான் எங்கள் பிள்ளைகளுக்குப் பாரிஸே புரிந்தது.

மூன்றாம்மணி:
சான்றுகள் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. ஒரு பீரியடில் ஆறு துணுக்கு கொடுக்காதீர்கள், ஒன்று போதும்.

நான் வழக்கமாக நடத்துவது அப்போதைய பிரெஞ்சு ராஜா பதினாறாம் லூயியின் நாட்குறிப்பு. பாஸ்டில் வீழ்ந்த 1789 ஜூலை 14ல் அவர் எழுதியது ஒரே சொல்: "ஒன்றுமில்லை". அதை மட்டும் பலகையில் எழுதுவேன். "நாடே எரிகிறது, ராஜாவுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று வகுப்பு கொதிக்கும். நன்றாகப் பேசவிட்டு, அது பெரும்பாலும் வேட்டைக் கணக்கு எழுதிய குறிப்பேடு, அன்று வேட்டையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் பொருள் என்று சொல்வேன். அதற்கு மேல் நான் பேச வேண்டியதே இல்லை. இந்தக் குறிப்பை வைத்து ராஜாவைப் பற்றி இப்போது என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று அவர்களே வாதாடுவார்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் 1832ல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவின் முன், சிறு வயதிலிருந்தே ஆலையில் உழைத்தவர்கள் சொன்ன சாட்சியங்கள். அவை சத்தியப் பிரமாணம் இல்லாமல் பெறப்பட்டவை, ஒருதலைப்பட்சமானவை என்று ஆலை முதலாளிகள் எதிர்த்தார்கள், அடுத்த ஆண்டே வேறொரு விசாரணை ஆணையம் வந்தது. பிரமாணம் எடுக்கவில்லை என்பதற்காக அந்த வலி பொய்யாகிவிடுமா? என் வகுப்பில் இதற்கு ஒரு முழு பீரியட் போதவில்லை.

கரும்பலகை:
மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து கேள்விகளாக எழுதிப் பார்த்தோம். 22 நின்றது, ஒவ்வொன்றுக்கும் சராசரியாக எட்டு பீரியட். சிலுவைப் போர்களை விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஆனால் எத்தனை முறை எழுதினாலும் நல்ல கேள்வி வரவில்லை. ஒரு சந்தேகம்: ஹைட்டி பற்றி எனக்கே சரியாகத் தெரியாது, நான் படித்த காலத்தில் ஒரு வரி கூட இருந்ததில்லை.

நிலா_டீச்சர்:
எனக்கும் அப்படித்தான் இருந்தது. திட்டத்தில் ஆசிரியர்கள் படிக்கவும் நேரம் ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் இப்போதே கேளுங்கள், பணித்தாள் தயாரிக்கக் கேட்கும் நேரத்தைவிட அது அவசியம். இந்த ஆண்டு முடிவதற்குள் ஒரே ஒரு அலகை ஒரே ஒரு வகுப்பில் நடத்திப் பார்த்துவிடுங்கள். எட்டு என்று நினைத்தது பதினொன்றாகும், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கரும்பலகை:
சரி டீச்சர். ஹைட்டி அலகையே எடுத்துக்கொள்கிறேன். நடத்தி முடித்ததும் பிள்ளைகள் எழுதியதோடு இங்கே வருகிறேன்.