ஏற்காட்டில் பெற்றோர் தனியாக: கையில் 18 லட்சம், மாதம் 3,400-க்கு மாத்திரை. என்ன செய்யலாம்?

மலைச்சாரல் கேட்டது:

வணக்கம்ங்க. அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 62. ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ரெண்டு பேர் மட்டும் இருக்காங்க, நான் வெளியூர். அப்பாவோட பிஎஃப், கிராஜுவிட்டி, பழைய சேமிப்பு எல்லாம் சேர்த்து 18 லட்சம், அவர் பேர்ல மட்டும் இருக்கிற சேவிங்ஸ் கணக்குல அப்படியே கிடக்குது. பிஎஃப் பென்ஷன் கொஞ்சம் வருது. மெடிக்கல் இன்சூரன்ஸ் எதுவும் இல்ல.

அப்பாவுக்கு பிரஷர், சுகர் ரெண்டும் இருக்கு. டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 5, மெட்ஃபார்மின் 500 எஸ்ஆர், கிளிமிபிரைடு 1 சாப்பிடுறார். அம்மாவுக்கு டெல்மிசார்டானோட நீர் மாத்திரை சேர்ந்தது. மூட்டு வலிக்கு அவங்களே கடையில கேட்டு வாங்கிப் போட்டுக்கிறாங்க. மாசம் 3,400 ரூபாய் மருந்துக்கே போகுது. அப்பாவுக்கு வீட்டு பிரஷர் மெஷின்ல மேல் எண் ஒரு நாள் 158, மறுநாள் 126 காட்டுது. காலையில எழுந்திரிச்சதும் தலை சுத்துதுங்கறார்.

பணத்தை எங்க போடலாம், மருந்துச் செலவை எப்படிக் குறைக்கலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

செவ்வாய்ப்பேட்டை கணக்கு:

வட்டியைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு முடிவு பண்ணுங்க. ராத்திரி 11 மணிக்கு சேலத்துல ஒரு ஆஸ்பத்திரியில "50,000 கட்டுங்க"ன்னு சொன்னா, உங்க அம்மா தனி ஆளா எதுல இருந்து எடுப்பாங்க? இப்போ இருக்கிற நிலையில அப்பா படுத்துட்டா அம்மாவால ஒரு ரூபாய் எடுக்க முடியாது. அதனால முதல் வேலை, அந்த சேவிங்ஸ் கணக்குல அம்மா பேரைச் சேர்க்கிறது. "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" இயக்கலாம்னு படிவத்துல குறிக்கணும். வெறும் ஜாயின்ட்னு போட்டுட்டு "இருவரும் சேர்ந்து"ன்னு இருந்துட்டா ரெண்டு கையெழுத்தும் கேப்பாங்க, சேர்த்ததே வீண். அம்மாவுக்குன்னு தனி ஏடிஎம் கார்டு வாங்கி, அவங்க கையாலயே ரெண்டு தடவை பணம் எடுக்க வைங்க. கார்டுக்கு ஒரு நாள் வரம்பு எவ்வளவுன்னும் பார்த்துக்குங்க.

இந்தக் கணக்குல 1 லட்சம் விட்டு வைங்க. இன்னொரு 2 லட்சத்தை அதே பேங்க்ல 50,000, 50,000-ஆ நாலு எஃப்டி போடுங்க. ஒரே எஃப்டியா 2 லட்சம் போட்டா, 40,000 தேவைப்பட்டாலும் முழுசையும் உடைக்க வேண்டி வரலாம்.

மீதி 15 லட்சத்துக்கு தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போதும். 60 வயசு முடிஞ்சிருந்தா ஆளுக்கு 30 லட்சம் வரைக்கும் போடலாம். வட்டி 2023 ஏப்ரல்ல 8.2 சதவீதம் ஆச்சு. அரசாங்கம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வட்டியை அறிவிக்கும். நீங்க போடுற அன்னிக்கு என்ன வட்டியோ அதுதான் அஞ்சு வருஷத்துக்கும். அப்பா பேர்ல 9, அம்மா பேர்ல 6-ன்னு பிரிங்க. 8.2-க்கு அப்பாவுக்கு மூணு மாசத்துக்கு 18,450, அம்மாவுக்கு 12,300, மொத்தம் 30,750. மாசக் கணக்குல பார்த்தா 10,250.

பிரிக்கச் சொல்றதுக்கு ரெண்டு காரணம். அம்மா பேர்லயும் ஒரு வருமானம் இருக்கும். அதோட, 2025 ஏப்ரல்ல இருந்து மூத்த குடிமக்களுக்கு வருஷ வட்டி 1 லட்சம் தாண்டினாத்தான் டிடிஎஸ் (வட்டி தரும்போதே கழிச்சுக்கிற வரி) பிடிப்பாங்க. 73,800, 49,200-ன்னு ரெண்டுமே அதுக்குள்ள அடங்கிடும். ஒண்ணு மட்டும் மனசுல வைங்க: பணம் அப்பா கொடுத்தது, அதனால வரிக்கணக்குல அம்மாவோட வட்டியும் அப்பா வருமானத்துலதான் சேரும். இவங்களுக்கு இருக்கிற வருமானத்துக்கு வரி வராது.

ஆதார், பான், போட்டோ, செக் போதும். 1 லட்சத்துக்கு மேல ரொக்கமா வாங்க மாட்டாங்க. ஏஜென்ட் தேவையில்ல, நேரா கவுண்டருக்கே போகலாம். நாமினி பேரை அன்னிக்கே எழுதிடுங்க. ரொம்பப் பேர் கோட்டை விடுற இடம் இது: இந்தத் திட்டத்துல எடுக்காம விட்ட வட்டிக்கு வட்டி கிடையாது. திறக்கும்போதே வட்டி தானா சேவிங்ஸ் கணக்குக்குப் போற மாதிரி எழுதிக் கொடுக்கணும். நடுவுல முடிக்கலாம், ஆனா ஒரு வருஷத்துக்குள்ள முடிச்சா கொடுத்த வட்டியைத் திரும்பப் பிடிச்சுக்குவாங்க. ஒண்ணுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ளன்னா அசல்ல 1.5 சதவீதம், அதுக்கப்புறம் 1 சதவீதம் போகும். அதுக்குத்தான் அந்த 3 லட்சத்தை வெளிய வைக்கச் சொன்னது.

"நூத்துக்கு ரெண்டு வட்டி"ன்னு யாராவது வந்தா, அது வருஷத்துக்கு 24 சதவீதம். அதை யாராலயும் தொடர்ந்து கொடுக்க முடியாது. தெரிஞ்சவர், சொந்தக்காரர், ஒரே சாதி சனம்னு வந்தாலும் வேண்டாம். பேங்க் டெபாசிட்டுக்கு ஒரு பேங்க்ல ஆளுக்கு 5 லட்சம் வரைக்கும் காப்பீடு இருக்கு, கூட்டுறவு வங்கிக்கும் சேர்த்துத்தான். ஆனா ஊர்ல இருக்கிற தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்துல போடுற டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது.

இன்சூரன்ஸ்: வருஷ வருமானம் 1.2 லட்சத்துக்குள்ள இருக்கிற குடும்பம்னா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சேரலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ் மையத்துல கேளுங்க. இந்த வட்டி சேர்ந்தா வருமானம் அந்த வரம்பைத் தாண்டிடும், அதை மறைச்சு எழுதாதீங்க. தனியார் பாலிசி எடுத்தா பிரஷர், சுகர் ரெண்டையும் விண்ணப்பத்துல எழுதியே ஆகணும். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்சம் மூணு வருஷம் காத்திருப்பு. மறைச்சா, க்ளெய்ம் போடுற நேரத்துல பழைய மருந்துச் சீட்டைக் காட்டித் தள்ளிடுவாங்க.

---

மாத்திரை அட்டை:

செலவை விட அம்மாவோட வலி மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. அட்டையைத் திருப்பி டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், எட்டோரிகாக்ஸிப்னு ஏதாவது இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. டெல்மிசார்டான், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூணும் ஒண்ணா சேர்ந்தா சிறுநீரகத்துக்குப் போற ரத்த ஓட்டம் குறைஞ்சு கிட்னி அடி வாங்கும். வாந்தி பேதி வந்து உடம்புல தண்ணி வத்தின நாள்ல இன்னும் மோசம். அதோட, வலி மாத்திரை பிரஷரையும் ஏத்தும். பிரஷர் ஏறுதேன்னு இன்னொரு மாத்திரை சேர்ப்பாங்க, செலவும் ஏறும். அதை நிறுத்திட்டு, வலி இருக்கிற நாள்ல பாராசிட்டமால் 650, ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு மூணு தடவைக்கு மேல போகாம போடலாம். கல்லீரல் கோளாறு இருந்தா டாக்டரைக் கேட்டுத்தான். மூட்டுல தடவுற ஜெல் நல்ல துணை. ரெண்டு பேருக்குமே கிட்னி எப்படி இருக்குன்னு தெரிய கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீர்ல ஆல்புமின் டெஸ்ட் வருஷம் ஒரு தடவை பார்க்கணும். அம்மாவுக்கு இப்பவே பார்த்துடுங்க.

சோடியம் குறைச்ச உப்புன்னு கடையில விக்கறதை வாங்கிக் கொடுத்துடாதீங்க. அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் இருக்கு. டெல்மிசார்டான் சாப்பிடுறவங்களுக்கு ஏற்கெனவே பொட்டாசியம் ஏற வாய்ப்பு உண்டு. அளவு மீறினா இதயத் துடிப்பே தடுமாறும். சாதா உப்பையே எல்லாத்துலயும் சேர்த்து ஆளுக்கு ஒரு டீஸ்பூனுக்குள்ள நிறுத்துங்க. ஊறுகாய், அப்பளம், தட்டுவடை செட்டு காரச் சட்னி எல்லாம் அந்த ஒரு டீஸ்பூன்லதான் அடங்கணும்.

செலவு விஷயம். சீட்டுல கம்பெனி பேர் இருக்கும், உங்களுக்கு வேண்டியது அட்டையில சின்ன எழுத்துல இருக்கிற மருந்துப் பேரும் மில்லிகிராமும். அதை ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டு மக்கள் மருந்தகம் அல்லது முதல்வர் மருந்தகம் போய் விலை கேளுங்க. நீங்க சொன்ன நாலுமே பொதுப் பேர்ல சாதாரணமா கிடைக்கிற மருந்துதான், பில் நல்லாவே இறங்கும். மெட்ஃபார்மின் 500 எஸ்ஆர் இருந்தா எஸ்ஆரே வாங்குங்க. அது மெதுவா கரையுற மாத்திரை, வெறும் 500-ஐ அதுக்குப் பதிலா வாங்கக் கூடாது, உடைச்சோ பொடிச்சோ போடக் கூடாது. அதே சமயம் உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பேரைப் பதியச் சொல்லுங்க. பிரஷர், சுகர் மாத்திரை இலவசமா வீட்டுக்கே வரும்.

இப்படி மாத்தும்போது அடிக்கடி நடக்கிற விபத்து ஒண்ணு இருக்கு. புது அட்டை வேற கலர், வேற பேர். பழைய அட்டை டப்பாவுல அப்படியே இருக்கும். பெரியவங்க அதை வேற மருந்துன்னு நினைச்சு ரெண்டையும் போட்டுக்குவாங்க. கிளிமிபிரைடு இப்படி ரெண்டு மடங்கு ஆச்சுன்னா சுகர் ஒரேயடியா இறங்கி மயக்கம் வரும். புதுசு வந்த அன்னிக்கே பழசை வீட்டை விட்டு எடுத்துடணும். புது அட்டை மேல மார்க்கர்ல "காலை, பிரஷர்"னு கொட்டை எழுத்துல எழுதுங்க. தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை மாதிரி இருந்தா மட்டும் கம்பெனியை டாக்டர் சொல்லாம மாத்தாதீங்க.

அப்பா பல வருஷமா மெட்ஃபார்மின் சாப்பிட்டா வைட்டமின் பி12 குறையலாம். கால் எரிச்சல், மரத்துப் போறது இருந்தா அதையும் பார்க்கச் சொல்லுங்க.

---

அடிவாரம்:

158-க்கும் 126-க்கும் நடுவுல நடந்தது என்னன்னு தெரியணும்னா எடுக்கிற முறையை ஒரே மாதிரி ஆக்கணும். முழங்கைக்கு மேல கட்டுற மெஷின் வேணும், மணிக்கட்டு மெஷின் நம்பகம் குறைவு. பட்டை சின்னதா இருந்தா எண் கூடக் காட்டும், பெட்டியில போட்டிருக்கிற சென்டிமீட்டர் அளவை அப்பா கையை அளந்து ஒப்பிடுங்க. காப்பி குடிச்சு அரை மணி நேரம் ஆகியிருக்கணும் (ஏற்காட்டுல இதுதான் கஷ்டம்), சிறுநீர் கழிச்சிருக்கணும். முதுகு சாய்ஞ்சு, கால் ரெண்டும் தரையில, கால் மேல கால் போடாம, அஞ்சு நிமிஷம் பேசாம உட்காரணும். கையை டேபிள் மேல நெஞ்சு உயரத்துல வச்சு, ஸ்வெட்டர் கையை மடிச்சு விடாம கழட்டிட்டுக் கட்டணும். மடிச்சு விட்டா அதுவே கையை இறுக்கும். ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை, காலையில மாத்திரைக்கு முன்னாடியும் ராத்திரியும், ஏழு நாள். முதல் நாளை விட்டுட்டு மீதியை சராசரி போடுங்க. வீட்டு அளவு 135/85-க்குக் கீழ இருக்கணும். அந்தத் தாளோட டாக்டர்கிட்ட போங்க, ஒரு நாள் எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டக் குறைக்க வேண்டாம்.

காலைத் தலைசுத்தலை விட்டுடாதீங்க. அஞ்சு நிமிஷம் படுத்த பிறகு ஒரு தடவை, எழுந்து நின்னு ஒரு நிமிஷத்துலயும் மூணாவது நிமிஷத்துலயும் பிரஷர் பாருங்க. பக்கத்துல ஆள் இருக்கணும். நிக்கும்போது மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினா டாக்டருக்கு உடனே தெரியணும், மருந்தை மாத்த வேண்டியிருக்கும். அதுவரைக்கும் எழும்போது ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, காலை ஆட்டிட்டு எழணும். பாத்ரூம் போற வழியில ராத்திரி லைட் எரியட்டும்.

அதே நேரத்துல சுகரும் குத்திப் பாருங்க. 70-க்குக் கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். கிளிமிபிரைடு போட்டுட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போடக் கூடாது. ஜவ்வரிசி உப்புமா, கஞ்சி சுகரை வேகமா ஏத்திடும், அது முழுக்க மாவுச்சத்துதான். ஏற்காட்டுல பனி ஈரம் ஜாஸ்தி, குத்திப் பார்க்கிற ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வச்சா ஈரம் ஏறி தப்புத் தப்பா எண் காட்டும். ஒண்ணு எடுத்த உடனே மூடி "டிக்"குன்னு அமுங்கணும், ஈரக்கையால தொடக் கூடாது, திறந்த தேதியை டப்பா மேல எழுதி வைங்க.

கடைசியா, மலை மேல இருக்கிறவங்களுக்கு நேரம்தான் பெரிய செலவு. முகம் ஒரு பக்கம் கோணிக்கிட்டா, ஒரு கை தூக்க வராம விழுந்தா, பேச்சு குழறினா பக்கவாதம்னு எடுத்துக்குங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுக்கணும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வரணும்னா வீட்டுல காத்திருக்க நேரமே இல்ல. 108-க்குச் சொல்லும்போதே "பக்கவாதம் மாதிரி இருக்கு"ன்னு சொல்லுங்க. கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்னு ஒரு தாள்ல எழுதிடுங்க, டாக்டர் கேக்குற முதல் கேள்வி அது. தண்ணி, மாத்திரை, ஆஸ்பிரின் எதுவும் வாயில போடாதீங்க. மழையில மெயின் ரோடு அடைச்சிருந்தா குப்பனூர் வழி இருக்கு, அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கட்டும்.

---

மலைச்சாரல்:

ரொம்ப நன்றிங்க. அட்டையைப் பார்த்தேன், அசிக்ளோஃபினாக்தான், நிறுத்தச் சொல்லிட்டேன். பணத்துல ஒரு சந்தேகம். அப்பா பிஎஃப் பென்ஷனுக்கு வாழ்வுச் சான்று கொடுக்கணும். கைரேகை எந்த மெஷின்லயும் விழ மாட்டேங்குது. பென்ஷன் நின்னுடுமா?

---

செவ்வாய்ப்பேட்டை கணக்கு:

கைரேகை தேய்ஞ்சவங்களுக்கு முகத்தை வச்சே கொடுக்கலாம். கொஞ்சம் நல்ல போன்ல ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண்னு ரெண்டு ஆப்பையும் ஏத்துங்க. முதல்ல நீங்க ஆபரேட்டரா உங்க ஆதாரால பதியணும், அப்புறம் அப்பாவோட ஆதார், பிபிஓ எண் (பென்ஷன் ஆர்டர்ல இருக்கிற எண்), பேங்க் கணக்கு எண். ஜன்னல் வெளிச்சம் முகத்துல விழற மாதிரி உட்கார வைங்க, வெளிச்சம் முதுகுக்குப் பின்னாடி இருந்தா எடுக்காது. கண்ணைச் சிமிட்டச் சொல்லும், கண்ணாடியைக் கழட்டிடணும். நீங்க ஊருக்கு வர முடியலன்னா தபால்காரரை வீட்டுக்கே கூப்பிடலாம்.

பிஎஃப் பென்ஷனுக்கு நவம்பர்ல தான்னு கட்டாயம் இல்ல, எப்போ கொடுத்தாலும் அன்னில இருந்து ஒரு வருஷம் செல்லும். போன தடவை கொடுத்த தேதியைப் பாருங்க, அதுக்குள்ள கொடுத்தா நிக்காது. பிபிஓ எண்ணை மட்டும் பென்ஷன் ஆர்டரைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமா அடிங்க. ஒரு இலக்கம் தப்பினாலும் சான்று உருவாயிடும், மெசேஜும் வந்துடும், ஆனா பிஎஃப் ஆபீஸ் தள்ளிடும். அதனால ரெண்டு மூணு நாள் கழிச்சு ஜீவன் பிரமாண் தளத்துல மெசேஜ்ல வந்த பிரமாண் எண்ணைப் போட்டு ஏத்துக்கிட்டாங்களான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.