அப்பாவுக்கு புராஸ்டேட் 62 கிராம்: ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?

அப்பாவுக்கு 68 வயசு. மூத்திரப்பைக்குக் கீழே இருக்கற புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கு, ராத்திரி நாலு தடவை யூரினுக்கு எழுந்திருக்கார். யூரின் சுலபமாப் போக டாம்சுலோசின் 0.4 மாத்திரை ஆறு வாரமா போடறார், கொஞ்சம் தேவலை. "அறுபது கிராம் தாண்டிட்டா கத்திதான்"னு சித்தப்பா பயமுறுத்திட்டுப் போயிட்டார். நிஜமா?

பழைய கண்டக்டர்:
தம்பி, கிராமை வச்சு முடிவு பண்றதில்லை. எங்க அண்ணனுக்கு 80, மாத்திரையிலயே ஓட்டறார். எனக்கு 45தான், ஆனா கத்தி என் பக்கம் வந்துச்சு.

ஒரு மார்கழியில சளிக்கு மெடிக்கல்ல நானா மாத்திரை வாங்கிப் போட்டேன். அன்னிக்கு ராத்திரி ஒரு சொட்டு வரலை. முக்கி முக்கிப் பார்த்தேன், அடிவயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஆஸ்பத்திரியில டியூப் போட்டதும் 900 மில்லி! சளி மாத்திரை சிலது இப்படி அடைச்சிடும்னு அப்புறம்தான் சொன்னாங்க. மூணு நாள் கழிச்சு டியூபை எடுத்தாங்க, போகலை. மாத்திரையோட இன்னொரு வாரம், அப்பவும் போகலை. அதுக்கப்புறம்தான் டி.யூ.ஆர்.பி.ங்கற ஆபரேஷன். வெளியே தையல் கிடையாது, உள்வழியாவே சுரண்டி எடுக்கறாங்க. முதல் நாள் யூரின் பை ரோஸ்மில்க் நிறம், மறுநாள் தெளிஞ்சிடுச்சு.

ஒரு குறை. விந்து வெளியே வராம உள்ளே மூத்திரப்பைக்கே போயிடும்னு எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லலை. பேரன் எடுத்தவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு நினைச்சிட்டாங்க போல.

யூராலஜி வார்டு நர்ஸ்:
ஐயா சொல்றது சரி. அடைப்பு திரும்பத் திரும்ப வர்றது, மூத்திரப்பையில கல், அடிக்கடி தொற்று, நிக்காம ரத்தம், கிட்னி வீங்கறது, இதுல ஒண்ணு இருந்தா தள்ளிப்போட மாட்டாங்க. மாத்திரை போட்டும் தொல்லை தாங்கலைன்னா அதுவும் காரணம்தான். யூரின் போன பிறகு எவ்வளவு மிச்சம் நிக்குது? கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் எவ்வளவு?

கேட்டவர்:
மிச்சம் 70 மில்லி. கிரியாட்டினின் 1.0. கல், ரத்தம் எதுவும் இல்லை.

யூராலஜி வார்டு நர்ஸ்:
அப்போ அவசரமில்லை. சுரப்பியைச் சுருக்கற டுடாஸ்டிரைடு மாத்திரை சேர்க்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க. சுரப்பி சுருங்க ஆறு மாசம் பிடிக்கும். அதைப் போட்டா புராஸ்டேட்டுக்குப் பார்க்கற பி.எஸ்.ஏ. ரத்த டெஸ்ட் ஏறக்குறைய பாதியாக் காட்டும், அதனால அடுத்த தடவை ரத்தம் குடுக்கும்போது மாத்திரை பேரைச் சொல்லிடுங்க. கண்புரை ஆபரேஷன் ஏதாவது இருந்தா கண் டாக்டருக்கும் டாம்சுலோசின் விஷயம் தெரியணும். கண்மணி சரியா விரியாம தொந்தரவு குடுக்கும்.

கேட்டவர்:
அக்கா, தை மாசம் வலது கண்ணுக்குத் தேதி குடுத்திருக்காங்க! சுகர் மாத்திரை மட்டும்தான் எழுதிக் குடுத்தோம். காலையில முதல் வேலையா போன் போடறேன்.