பேர் திரையில் இருக்கிறது, தேடினால் இல்லை

ரங்கூன் டேபிள்காரன்:
பிழைப்புக்கு ஒரு கம்பெனி டேட்டாபேஸைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் கோயில் கட்டளைதாரர் பட்டியல், அது புண்ணியக் கணக்கு (சம்பளம் கிடையாது). ஆளுக்கு ஒரு பர்மியப் பேர், ஒரு தமிழ்ப் பேர். பழைய கணினியில் ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்ததும் 2019 அக்டோபர் 1-இல் நாடே யூனிகோடுக்கு (எழுத்துக்கு ஓர் எண் என்ற உலகப் பொதுமுறை) மாறிய பிறகு அடித்ததும் ஒரே ஃபீல்டில் கலந்து கிடக்கின்றன. பர்மியப் பேரைத் தேடினால் பாதிப் பேர் வருவதில்லை. எல்லாவற்றையும் மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றிவிடலாமா?

மோல்மீன்வாசி:
வேண்டாம் அண்ணே, நான் அப்படிச் செய்துதான் கையைச் சுட்டுக்கொண்டேன். ஸோஜி யூனிகோடில் பர்மிய எழுத்துக்கு ஒதுக்கிய எண்களையே எடுத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் புழங்கியது. நம் ஒற்றைக்கொம்பு மாதிரி எழுத்துக்கு இடப்பக்கம் ஒரு குறி வருமே, யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும், ஸோஜியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே முன்னால். ஏற்கெனவே யூனிகோடில் சரியாக இருக்கும் பேரை ஸோஜி என்று நினைத்து மாற்றினால் குப்பைதான் மிஞ்சும். கூகுள் வெளியிட்ட மியான்மார் டூல்ஸ், ஒரு வரி ஸோஜியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண் தரும். 1-ஐ ஒட்டி வந்ததை மட்டும் மாற்றுங்கள். பேர் சின்னதாக இருந்தால் அதுவும் தடுமாறும், நடுவில் நிற்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பழைய ஃபீல்டை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கொம்பும் காலும்:
தமிழ் ஃபீல்டையும் ஒரு தடவை பாருங்கள். 'கோபால்' என்பதில் 'கோ'வின் ஓகாரக் குறி ஒரே எண்ணாகவும் இருக்கலாம், இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனி எண்ணாகவும் இருக்கலாம். பார்க்க ஒன்று, எண்ணை எண்ணோடு ஒப்பிட்டால் வேறு ஆள். என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பலவிதமாகச் சேமித்ததை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) கொண்டுவந்தால் சேர்ந்துவிடும். ஆனால் 'ஸ்ரீ' அதற்கெல்லாம் மசியாது. அதை ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே அச்சு. அதற்கு நீங்களே ஒரு விதி எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஷியல் மட்டும்:
எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். குடும்பப்பேர் கட்டாயம் என்று நட்சத்திரம் போடுகிறார்களே, பர்மியருக்கும் அது இல்லை, நமக்கும் இல்லை. ஒரு மென்பொருளில் என் அப்பா பேருக்கு முன்னால் வரும் பர்மிய மரியாதைச் சொல் 'ஊ' முதற்பேராகப் பதிந்து, ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் ஒரே பேரில் நிற்கிறார்கள். பேருக்கு ஒரே ஃபீல்ட் போதும், மரியாதைக்கு வேறு.

ரங்கூன் டேபிள்காரன்:
நகல் எடுத்து ஓட்டினேன். நடுவில் 31 பேர் நிற்கிறார்கள். அச்சிட்டு வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும் பழைய கணக்குப்பிள்ளையிடம் காட்ட வேண்டும். அவருக்கு ஆளைத் தெரியும். 'ஊ'வுக்குத் தனி ஃபீல்ட் போட்டாகிவிட்டது.