சிப்பி ஓடு மெலிவதற்குக் கடல் அமிலமாவதுதான் காரணமா?

இனயம்காரன்:
வீட்டில் சிப்பி வியாபாரம். மாமா முங்கி எடுப்பார், அம்மாவும் சித்தியும் கரையில் சுத்தம் பண்ணி மார்த்தாண்டம், களியக்காவிளை சந்தைகளுக்கு அனுப்புவார்கள், மிச்சம் பாறசாலைக்குப் போகும். கொஞ்ச வருஷமாகச் சிப்பி குறைவு, ஓடும் மெல்லிசாக இருக்கிறது என்று மாமா சொல்லிக்கொண்டே இருக்கிறார். போன வாரம் ஒரு வீடியோவில், கரியமில வாயு கூடிக் கடல் அமிலமாகிறது, சிப்பி ஓடெல்லாம் கரைந்துவிடும் என்று பேசினார்கள், அதிலிருந்து வீட்டில் ஒரே புலம்பல். எனக்கு வேறு கவலை. பூவார் பக்கம் காயலில் கயிறு கட்டிச் சிப்பி வளர்க்கலாம் என்று நானும் நண்பனும் பேசி வைத்திருக்கிறோம், கடன் வாங்கித்தான் செய்யவேண்டும். பணத்தைப் போட்ட பிறகு ஓடு கரைந்தால் என்ன செய்வது? அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பி.எச். தாள் வாங்கிக் கடல்தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன், பச்சையும் நீலமுமாக ஏதோ ஒரு நிறம் வந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. அந்தச் சிப்பியைத் தின்றால் வயிற்றுக்கு ஆகாதா என்று அம்மா வேறு கேட்கச் சொன்னார்.

கடல்நண்டு:
அம்மாவுக்கு முதலில் பதில்: ஒன்றும் ஆகாது, தாராளமாகத் தின்னலாம். கடல் இன்னும் காரத்தன்மையில்தான் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் மேல்மட்டக் கடல்நீரின் பி.எச். சுமார் 8.2, இப்போது 8.1 அருகில். ஏழுக்குக் கீழே இறங்கினால்தான் அமிலம் என்று பெயர். ஆனால் 0.1 தானே என்று தள்ளிவிடவும் முடியாது, அது மடக்கைக் கணக்கு, ஒரு எண் இறங்கினால் பத்து மடங்கு, ஆகவே அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனி ஏறக்குறைய 30 சதவீதம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் தாளில் அது தெரியவே தெரியாது, தூக்கிப் போடுங்கள்.

நாம் புகையாக விடும் கரியமில வாயுவில் சுமார் கால்பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி ஹைட்ரஜன் அயனியை விடும், அந்த அயனி தண்ணீரில் இருக்கிற கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட்டாக மாற்றிவிடும். சிப்பி ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கால்சியத்துக்குக் கடலில் பஞ்சமே இல்லை, கார்பனேட்தான் குறைகிறது. ஆகவே வளர்ந்த சிப்பியின் ஓடு சட்டென்று கரைந்துபோகும் என்கிற வீடியோக் கதையை நம்பாதீர்கள், அந்த ஓட்டின் மேல் பழுப்பாக ஒரு தோல் இருக்கிறதே, அது ஓரளவு காப்பாற்றும். புதிதாக ஓடு கட்ட முன்னைவிட அதிகச் சத்தைச் செலவழிக்கவேண்டி வருவதுதான் சிக்கல். பெரிய சிப்பி அதைச் சமாளிக்கும், முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு அது முடியாது. அதற்கு முதல் ஓடு ஒன்றிரண்டு நாளுக்குள் கட்டி முடிய வேண்டும், வாயே இன்னும் சரியாக வந்திருக்காது, முட்டைக்குள் இருந்த கொஞ்சம் கொழுப்புதான் கையிருப்பு.

இதற்கு நடந்த உதாரணம் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் விஸ்கி கிரீக் என்றொரு ஆளி (ஆய்ஸ்டர்) குஞ்சுப் பண்ணை. 2007 வாக்கில் குஞ்சுகள் கோடிக்கணக்கில் செத்தன. முதலில் பாக்டீரியாவைச் சந்தேகப்பட்டு வடிகட்டி எல்லாம் மாட்டினார்கள், சாவு நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால், காற்று மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளும்போது ஆழத்துத் தண்ணீர் மேலே வருகிறது, அதில் கரியமில வாயு மிக அதிகம், அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் போன நாட்களில்தான் குஞ்சுகள் சாகின்றன. அதன்பிறகு சோடியம் கார்பனேட்டைக் கலந்து தண்ணீரைச் சரிசெய்தார்கள், கடற்புல்லும் பாசியும் வெயிலில் கரியமில வாயுவை இழுத்து முடித்த பிற்பகலில் தண்ணீர் எடுத்தார்கள், பண்ணை பிழைத்தது.

இப்போது நம் கடலுக்கு வாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் கன்னியாகுமரியிலிருந்து கொல்லம் தாண்டி வடக்கே வரை இதே மேலெழுச்சி நடக்கிறது. நம் பழுப்புச் சிப்பி, பெர்னா இண்டிகா, முட்டை விடுவதும் ஏறக்குறைய அதே மே முதல் செப்டம்பர் மாதங்களில்தான். எனக்கு உறுத்துவது இது ஒன்றுதான். ஆழத்துத் தண்ணீர் ஏற்கெனவே பி.எச். குறைந்தது, அதன்மேல் நம் புகையும் ஏறினால் குஞ்சு தாங்கும் எல்லை நெருங்கிக்கொண்டே வரும். மறுபக்கமும் சொல்லவேண்டும்: அதே மேலெழுச்சிதான் தீனியையும் கொண்டுவருகிறது. ஜெர்மனியில் கீல் என்கிற கடற்கழியில் கரியமில வாயு ரொம்பக் கூடுதல், ஆனாலும் தீனி தாராளமாகக் கிடைப்பதால் அங்கே சிப்பி நன்றாகவே வளர்கிறது. தலைமுறை தலைமுறையாக இந்தத் தண்ணீரில் வாழ்கிற நம் சிப்பிக்கும் கொஞ்சம் தாங்கும் சக்தி இருக்கலாம்.

முட்டம் முங்கி:
கடல்நண்டு தம்பி சொன்ன ஆழத்துத் தண்ணீர் எங்களுக்குத் தெரியும், ஆனி ஆடியில் முங்கினால் எலும்பு வரைக்கும் தணுக்கும். ஆனால் ஓடு மெல்லிசு என்கிற பேச்சை நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். முன்பெல்லாம் கைப்பெருவிரலைவிட நீளமான சிப்பி கிடைத்தது, ஓடு கட்டியாக இருந்தது. இப்போது அது வளரும் முன்பே எடுத்துவிடுகிறோம். சின்னச் சிப்பியின் ஓடு எந்தக் காலத்திலும் மெல்லிசுதானே? இதற்குக் கரியமில வாயுவை எதற்கு இழுக்கவேண்டும்? ஒரு பாறையை உளியால் சுரண்டிக் குஞ்சோடு சேர்த்து வாரிவிட்டு, அடுத்த வருஷம் அதே பாறையில் போய்ப் பார்த்தால் என்ன இருக்கும்.

இன்னொன்று, கரையைக் காக்கக் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட இடங்களில் மணல் நகர்ந்து சில பாறைகள் மூடிப்போயின. பெருமழையில் ஆற்றுவெள்ளம் கடலில் விழுந்தால் முகத்துவாரத்துப் பக்கம் சிப்பி வாய் பிளந்து சாகும், அது உப்புக் குறைவதால். இதையெல்லாம் விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கடல்நண்டு:
முங்கி அண்ணன் சொல்வது நியாயம். இன்றைக்குச் சந்தையில் சிப்பி குறைந்ததற்கு நான் அதிகம் எடுப்பதையும் மணலையும்தான் முதலில் சொல்வேன். ஆற்றுநீருக்கு இன்னொரு குணமும் உண்டு, அதில் கார்பனேட் இருப்பு குறைவு, அதனால் முகத்துவாரத்தில் பி.எச். எளிதாகச் சரியும். உப்புக் குறைவதும் பி.எச். சரிவதும் ஒரே மாதத்தில் வந்து சேர்வதால் எது கொன்றது என்று கரையில் நின்று பிரித்துச் சொல்ல முடியாது.

நெய்யாற்றின்கரை மருமகன்:
ஒரு சந்தேகம். அந்த அமெரிக்கப் பண்ணையில் கலந்த மாதிரி நாமும் காயலில் ரெண்டு மூட்டை சுண்ணாம்பு கொட்டினால் போதாதா? எங்கள் ஊரில் சிப்பி ஓட்டைச் சுட்டுத்தானே சுண்ணாம்பு எடுப்பார்கள், அதையே திருப்பிப் போட்டுவிடலாமே.

கடல்நண்டு:
தொட்டியில் நடக்கும் அண்ணே, காயலில் நடக்காது. ஓதம் ஏறி இறங்கினால் உங்கள் இரண்டு மூட்டையும் பொழி வழியாக, அதாவது காயல் கடலில் திறக்கும் வாய் வழியாக, கடலுக்குப் போய்விடும். நீற்றாத சுண்ணாம்பு விழுந்த இடத்தில் பி.எச். ஒரேயடியாக எகிறி அங்கே இருக்கிற குஞ்சுகள் வெந்துபோகும். அதைவிட, ஓட்டைச் சுண்ணாம்புச் சூளையில் வைத்துச் சுடும்போதே அதில் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியே போய்விடுகிறது, எந்த வாயுவுக்குப் பயந்தோமோ அதையே நாம் ஊதுகிறோம். சுடாமல் உடைத்துப் போட்டால் பலன் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சேற்றுநிலத்தில் உடைத்த ஓட்டைப் பரப்பிப் பார்த்தார்கள், சேற்றின் பி.எச். ஏறியது, மட்டிக் குஞ்சுகள் அதிகமாக வந்து தங்கின. ஆனால் அது சேற்றில் புதையும் மட்டிக்கு, கயிற்றில் தொங்கும் சிப்பிக்கு அல்ல.

இனயம்காரன்:
எல்லாருக்கும் நன்றி. மாமாவுக்கு முங்கி அண்ணன் எழுதியதை வாசித்துக் காட்டினேன், ஒன்றும் பேசாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்போ காயல் வளர்ப்பை ஆரம்பிக்கலாமா வேண்டாமா?

கடல்நண்டு:
ஆரம்பிக்கலாம். கேரளத்தில் காயல் வளர்ப்பு நடக்கும் காலத்தைப் பாருங்கள்: நவம்பர், டிசம்பரில் கயிற்றில் குஞ்சு கட்டுவார்கள், ஏப்ரல், மே மாதத்தில் மழைக்கு முன்னால் அறுத்துவிடுவார்கள். மேலெழுச்சியும் ஆற்றுவெள்ளமும் வரும்போது கயிற்றில் சிப்பியே இருக்காது. ஆகவே பண்ணைக்கு அமிலத்தால் இப்போதைக்குப் பெரிய ஆபத்து இல்லை. கரியமில வாயு மிகக் கூடினால் சிப்பி பிடித்துக்கொள்ளும் நார் பலவீனமாகிறது என்று அமெரிக்க ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள், கயிற்றிலிருந்து உதிர்வது அதிகமானால் அதை நினைவில் வையுங்கள், ஆனால் அவர்கள் வைத்த அளவு இன்றைய கடலைவிட மிக அதிகம். அமிலத்தைவிட உப்பைக் கவனியுங்கள், தண்ணீரில் உப்பு ஆயிரத்துக்கு 27 பங்குக்குக் கீழே இறங்காத இடமாகத் தேடுங்கள், பி.எச். தாளுக்குப் பதில் உப்புமானி வாங்குங்கள். அப்படியே பி.எச். பார்த்தாலும் நல்ல மீட்டரில், விடியற்காலையில் பாருங்கள், இரவெல்லாம் எல்லா உயிரும் மூச்சுவிட்டு அப்போதுதான் அது மிகக் கீழே இருக்கும். அப்புறம், வட கேரளத்தில் படன்னா பக்கம் வளர்ப்பது பச்சைச் சிப்பி, நம் பாறையில் அதிகம் இருப்பது பழுப்பு, இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். விழிஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, ஒரு நாள் நேரில் போய்க் கேளுங்கள்.

எந்தச் சிப்பியானாலும் கயிற்றில் கட்டும் குஞ்சு மழைக்காலக் கடலில் பிழைத்து வந்த குஞ்சுதான். அது குறைந்தால் காயலில் எவ்வளவு நல்ல தண்ணீர் இருந்தும் கட்ட ஒன்றும் இருக்காது.

முட்டம் முங்கி:
அதனால்தான் சொல்கிறேன் தம்பி, குஞ்சு வேண்டுமானால் தூண்டில் வளைவுக் கல்லில் ஒட்டியிருப்பதை எடு, அலையில் பாதி எப்படியும் உதிரும். கடலுக்குள் இருக்கிற பாறையில் கைவைக்காதே. உன் மாமாவும் அங்கேதான் முங்குகிறார், வீட்டுக்குள்ளேயே சண்டை வரும்.