மியூஸ்கோரில் தமிழ் எழுத்தைச் சுற்றிக் கட்டம் சரியாக வரவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. குன்னூரில் எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்காக மியூஸ்கோர் 4 என்ற இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளில் நான்கு குரலுக்கும் நொட்டேஷன் அடிக்கிறேன். ரிஹர்சல் மார்க்காக (பயிற்சியில் எங்கிருந்து பாடுவது என்று காட்டும் அடையாளம்) ஏ, பி, சி வேண்டாம், பல்லவி, சரணம் என்று தமிழிலேயே கட்டம் கட்டிப் போடு என்கிறார்கள் பெரியவர்கள். நியாயம்தான், "பி-யிலிருந்து பாடுங்க" என்றால் பாதிப் பேர் தாளைப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள்.

வழக்கமாக வரும் எட்வின் ஃபாண்டில் தமிழ் கிடையாது, அதனால் கம்ப்யூட்டர் தானாகவே எதையோ எடுத்துப் போட்டுக்கொள்கிறது. சரி என்று ஃபார்மட், ஸ்டைல், டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ் போய் ரிஹர்சல் மார்க்குக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் கொடுத்தேன். எழுத்து அழகாக வந்துவிட்டது, ஆனால் கட்டத்துக்குள் மேலே நிறைய இடம் சும்மா கிடக்கிறது, கீழே அனுபல்லவியின் 'னு' கால் கோட்டில் இடிக்கிறது. பேடிங்கை, அதாவது எழுத்துக்கும் கட்டக் கோட்டுக்கும் நடுவே விடும் இடத்தை, கூட்டினால் நாலு பக்கமும் சேர்ந்தே கூடுகிறது, அப்புறம் கட்டம் மேல் வரி சோப்ரானோ சுரங்களை முட்டுகிறது. செவ்வகத்துக்குப் பதில் வட்டம் போட்டால் இன்னும் மோசம், 'சரணம்' பூசணிக்காய்க்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

மேலும் கீழும் தனித்தனியாக இடைவெளி வைக்க ஏதாவது வழி உண்டா? இல்லை, மேல் கீழ் அளவு ஒத்துவரும் வேறு தமிழ் யூனிகோட் ஃபாண்ட் எது, நிர்மலா, லதா ஃபாண்டுகளை யாராவது போட்டுப் பார்த்தீர்களா? மியூஸ்கோர் ஃபைலோடு ஃபாண்ட் போகாது என்பதால் பிரிண்டுக்குப் பிடிஎஃப்தான் கொடுக்கிறேன், அதில் பிரச்சினை இல்லை. ஊட்டி, கோத்தகிரி பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் லேப்டாப்போடு நேரிலேயே வருகிறேன்.